ஈட்டி மரத்தின் இல்லாத கொம்பு

இந்த மாவட்டத்தில் நிற்கும் பெரிய மரங்களில் பல எனக்கு முகம் தெரிந்தவை. பஸ்ஸில் சன்னலோரம் இடம் கிடைத்தால், 'இவன் தெற்கே ஒரு கொம்பை இழந்துவிட்டான், இவனுக்கு அடிமூட்டில் பொந்து விழுந்திருக்கிறது' என்று முணுமுணுத்துக்கொண்டே போவேன். பக்கத்தில் இருப்பவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்ப்பார். பார்க்கட்டும். முப்பது வருஷத்துக்கு மேல் பென்சிலால் மரங்களை வரைவதையே உத்தியோகமாகச் செய்தவன் நான். எங்கள் வன இலாகாவில் என்னைவிடச் சுத்தமான கை கிடையாது என்று மற்றவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் மறுத்ததில்லை.

சென்ற மாதம், ஓய்வு பெற்றவர்கள் நாங்கள் நாகர்கோவிலில் கூடும் இடத்துக்கு, புதிதாக வேலைக்குச் சேர்ந்த இரண்டு தம்பிகள் வந்திருந்தார்கள். கையில் இலாகா வாங்கிக் கொடுத்த கேமரா. என் பழைய படங்கள் சிலவற்றைப் பார்த்துவிட்டு ஒருவன் கேட்டான்.

"அண்ணாச்சி, ஒரு மரத்தெ வரைய எவ்வளவு நேரம் எடுப்பிய?"

"நாலு மணி நேரம். ஆல மரம்னா ரெண்டு நாளு."

"இதிலெ ஒரு அமுக்கு அமுக்கினா தீந்துது. அந்த நாலு மணி நேரத்திலெ அப்படி என்னதான் பாத்திய?"

கிண்டலாகத்தான் கேட்டான். ஆனால் நல்ல கேள்வி. எனக்குக் கேமராமேல் ஒரு கோபமும் கிடையாது, என் காலத்திலேயே ஒன்று கொடுத்திருந்தால் வாங்கிக் கழுத்தில் மாட்டிக்கொண்டிருப்பேன். அன்றைக்கு அந்தத் தம்பிக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். சரியான பதில் இதுதான். இதில் எனக்குப் பெருமை தராத ஒரு பகுதியும் உண்டு, அதைத் தாண்டிப் போனால் பதில் கிடைக்காது.

நான் தேரூர்ப் பக்கத்து வயல்காரக் குடும்பத்துப் பையன். பெயர் தாணுமாலயன், எல்லோருக்கும் தாணு. திருவனந்தபுரத்தில் இரண்டு வருஷம் பூச்சாடியும் ஆப்பிளும் வரைந்து சித்திரப் பரீட்சை பாஸ் செய்தேன். நாற்பத்தேழில் வேலை கிடைத்தது. "என்ன வேலெடே?" என்று அப்பா கேட்டார். மரத்தை வரைகிற வேலை என்றேன். "மரம் அங்கனெதானே நிக்குது. பிறகு எதுக்கு வரையணும்?" என்றார். அவர் சாகும்வரை அந்தச் சந்தேகம் அவருக்குத் தீரவில்லை.

அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். அன்றைய திருவிதாங்கூரில் தேக்கு, ஈட்டி, சந்தனம், கருங்காலி இந்த நான்கும் யாருடைய நிலத்தில் முளைத்தாலும் சர்க்காருக்குச் சொந்தம். நிலம் உன்னுடையது, அதில் நிற்கும் ஈட்டி உன்னுடையது இல்லை. ரோட்டோர மரங்களும் அப்படியே. இவற்றில் பெரிய மரங்களுக்கு எங்கள் அலுவலகத்தில் ஆளுக்கொரு தாள் உண்டு. எங்கே நிற்கிறது, மூட்டில் சுற்றளவு என்ன, உயரம் என்ன என்று எழுதி, நடுவில் ஒரு பென்சில் படம். பின்னால் ஒரு கொம்பு காணாமல் போனால் படத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். ஃபோட்டோ எடுத்துப் பார்த்தார்கள். காட்டு மரத்தின் ஃபோட்டோவில் கறுப்பு மொத்தைதான் விழுந்தது. ஃபிலிமும் லேசில் கிடைக்காத காலம். அதனால் எங்களைப் போல நாலு பேருக்குச் சோறு கிடைத்தது.

அலுவலகம் பத்மநாபபுரம் கோட்டைக்குள் ஒரு ஓட்டுக் கட்டடம். அங்கே எங்களுக்கு மேலதிகாரி அச்சுதன் சார். நெய்யாற்றின்கரைக்காரர், அப்போது நாற்பது வயதிருக்கும், மெலிந்த ஆள். ஓயாமல் வெற்றிலை போடுவார். ஆனால் ஒரு படத்தைத் தொடும் முன்னால் வெளியே போய் வாய் கொப்பளித்து, கையைக் கழுவி, வேட்டி நுனியில் துடைத்து, விரல்களை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டுத்தான் வருவார். தாளின் ஓரத்தை மட்டும் இரண்டு விரலால் பிடிப்பார். பிடித்து, தலைகீழாகத் திருப்பி வைப்பார். நேராகப் பார்த்தால் 'நல்ல மரம்' என்று மனசு ஒத்துக்கொண்டுவிடுமாம். தலைகீழாகப் பார்த்தால்தான் கோடு மட்டும் தெரியுமாம். பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் பெட்டியில் வைத்தால் பாஸ். உன் மேசைக்கே திரும்பி வந்தால் பெயில். பாராட்டு என்ற பழக்கமே அவரிடம் கிடையாது.

ரப்பர் ஒன்றே ஒன்றுதான் அலுவலகத்துக்கு. அது அவருடைய மேசை இழுப்பறையில் இருக்கும். அழிக்க வேண்டுமென்றால் படத்தோடு அவர் முன்னால் போய் நின்று எந்தக் கோடு, ஏன் தப்பு என்று சொல்ல வேண்டும். வெளியூர் வேலைக்கு ரப்பர் கிடையவே கிடையாது. இதனாலேயே நாங்கள் கோடு போடும் முன்னால் பத்துத் தடவை பார்ப்போம்.

மரத்தை வரையும் முறையையும் அவர் வகுத்து வைத்திருந்தார். மரத்தின் உயரத்தைப்போல் இரண்டு பங்கு தூரம் விலகி நிற்க வேண்டும். நின்ற இடத்தில் ஒரு கல்லை வைத்துவிட்டு, அங்கிருந்து மூடு வரை எத்தனை எட்டு, எந்தத் திசை என்று தாளின் அடியில் எழுத வேண்டும். ஆறடிக் கோல் ஒன்றை மூட்டில் நிமிர்த்திப் பிடிக்க ஓர் ஆள். படத்தில் கோல் வரும், ஆள் வரமாட்டான். கையை நீட்டிப் பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடி, கோலின் உயரத்தைக் கட்டைவிரல் நகத்தால் பென்சிலில் குறித்துக்கொண்டு, அதை அளவுகோலாக வைத்து மரத்தை மேலே மேலே அளப்போம். முதலில் தடி, அதாவது நடுமரம். பிறகு பெரிய கொம்புகள், ஒவ்வொன்றும் மூன்றாவது கவை பிரியும் இடம் வரை. பொந்து, முண்டு, இடி விழுந்த தழும்பு எதுவும் விடக் கூடாது. இலைக் கூட்டம் கடைசியில்தான், அதுவும் கண்ணைப் பாதி மூடிப் பார்த்து, இருட்டும் வெளிச்சமுமாக. முடித்ததும் ஆடை எடுத்த பாலில் பாதிக்குப் பாதி தண்ணீர் விட்டு, ஊதுகுழலால் படத்தின்மேல் மெல்ல ஊதுவோம். காய்ந்தால் பென்சில் பொடி தாளோடு ஒட்டிக்கொள்ளும், கை பட்டாலும் கலையாது. எல்லாவற்றுக்கும் பிறகு இடது மூலையில் 'நேரில் பார்த்து வரைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்த மூன்று வார்த்தை இல்லாத தாள் செல்லாது.

நான் சேர்ந்த புதிதில் வில்லுக்குறிப் பக்கம் ரோட்டோரப் புளியமரம் ஒன்றை வரைந்து கொடுத்தேன். அவர் அதைக் கையில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனார். சாயங்காலம் திரும்பி வந்து என் மேசையில் வைத்தார்.

"எடோ தாணு, பட்ட கொம்பு ஒண்ணு உண்டல்லோ அதிலெ. அது எங்கே போச்சு?"

"பாக்க நல்லா இல்லே சார். அதனாலெ விட்டுட்டேன்."

"நல்லா இல்லேன்னா மரத்தோடு போய்ச் சொல்லு. விட்டுக் களைய உனக்கு யாரு அதிகாரம் தந்நது?"

மறுநாள் வில்லுக்குறி வெயிலில் திரும்ப நாலு மணி நேரம். அதற்கப்புறம் ஒரு சுள்ளியைக்கூட நான் விட்டதில்லை. கை வேகமாகத் தேறியது. அடுத்த மூன்று வருஷத்தில், கஷ்டமான மரம் என்றால் "தாணுவை அனுப்பு" என்று சொல்லும் அளவுக்கு வந்தேன். ஆரல்வாய்மொழிக் காற்றில் ஒரே பக்கமாகச் சாய்ந்து நிற்கும் மரங்களை, கிளை ஆடிக்கொண்டிருக்கும்போதே வரைவேன். காற்று நிற்கிற அந்த ஒரு மூச்சு நேரத்தில் ஒரு கொம்பு முடிந்திருக்கும். தலைக்கனம் இருந்ததா என்றால், இருந்தது. இல்லாமல் எப்படி இருக்கும்?

ஐம்பத்தொன்றாம் வருஷம் ஆனி மாதம் கீரிப்பாறை வழியில் ஒரு ஈட்டி மரத்தை வரையப் போனேன். இன்றைக்கு அந்தப் பக்கம் எங்கு பார்த்தாலும் ரப்பர். அன்று அப்படி இல்லை. பஸ்ஸை விட்டிறங்கி மலைச்சரிவில் வெகுதூரம் நடக்க வேண்டும். காட்டை வெட்டித் திருத்திக் குடியிருக்கும் ஏழைகளுக்குச் சர்க்கார் எழுதிக் கொடுக்கும் நிலத்துக்குப் புதுவல் என்று பெயர். அப்படிப்பட்ட ஒரு புதுவலில், மரச்சீனிக் கிழங்குத் தோட்டத்துக்கு நடுவில் நின்றது மரம். நிலத்துக்காரர் பொன்னுமுத்து. நெற்றியில் வெள்ளை நாமம், அய்யா வைகுண்டரின் வழியில் நடப்பவர். அவருடைய மனைவி செல்லத்தங்கம். ஓலை வீடு ஒன்று, கொட்டில் ஒன்று, பத்தடி தள்ளி, கும்பிடுவதற்கு அவர்களே கட்டிய சின்ன நிழல்தாங்கல்.

கோல் பிடிக்க வேண்டிய ஃபாரஸ்ட் கார்டுக்குக் காய்ச்சல். கோலை நானே மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு வரைய உட்கார்ந்தேன். அறுபதடிக்கு மேல் உயரமான மரம், நல்ல வாட்டசாட்டம். தடியும் மேற்குப் பக்கத்துக் கொம்புகளும் முடிந்தபோது மலையிலிருந்து மூடுபனி இறங்கி மரத்தின் கிழக்குப் பாதியைத் துடைத்துவிட்டது. பின்னாலேயே மழை. தாளை மார்போடு அணைத்துக்கொண்டு கொட்டிலுக்கு ஓடினேன். செல்லத்தங்கம் கருப்பட்டிக் காப்பியும் அவித்த மரச்சீனியும் கொண்டுவந்து வைத்தாள்.

"மழெ இன்னு நிக்காது சாரே. திண்ணுங்க. ராவு இங்கனெ கிடந்துட்டு நாளைக்கி வரையலாமே" என்றாள்.

நான் மறுநாள் வரை இருந்திருக்க வேண்டும். ஆனால் அடுத்த நாள் எனக்குச் சுசீந்திரத்தில் ஒரு கல்யாணம். அதைவிட முக்கியமாக, எனக்கு ஈட்டி மரம் தெரியும் என்ற நினைப்பு. நாற்பது ஈட்டி வரைந்தவனுக்கு நாற்பத்தொன்றாவதைப் பார்க்கவா வேண்டும்? மேற்கே இருபதடி உயரத்தில் இவ்வளவு கனமான ஒரு கொம்பு இருந்தால், கிழக்கே அதற்கு எதிராக ஒன்று இல்லாமல் மரம் எப்படி நிமிர்ந்து நிற்கும்? கொட்டிலில், மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டு, கிழக்குப் பாதியை வரைந்து முடித்தேன். இருபதடி உயரத்தில் தொடைப் பருமனுக்கு ஒரு கொம்பு போட்டேன். வளைவு கொடுத்தேன், நிழல் கொடுத்தேன், ஒரு சின்ன முண்டுகூட வைத்தேன். இடது மூலையில் 'நேரில் பார்த்து வரைந்தது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டேன்.

அச்சுதன் சார் அந்தப் படத்தைத் தலைகீழாக வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு நேராக வைத்துப் பார்த்தார். அவர் ஒரு படத்தை நேராக வைத்துப் பார்த்து நான் கண்டது அதுதான் முதல் தடவை.

"கொள்ளாம்" என்றார்.

ஒன்பது வருஷத்தில் அவர் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே பாராட்டு அந்த ஒரு சொல். படத்தைச் சட்டம் போட்டு அலுவலகச் சுவரில் மாட்டச் சொன்னார், மற்றவர்கள் பார்த்துப் படிக்கட்டும் என்று. நான் தினமும் அதன் கீழேதான் உட்கார்ந்து வேலை செய்தேன். வெட்கமாக இருந்ததா என்று கேட்டால், முதல் வாரம் கொஞ்சம் இருந்தது. பிறகு அந்தக் கொம்பை நான் உண்மையாகவே பார்த்ததாக எனக்கே நம்பிக்கை வந்துவிட்டது.

ஐம்பத்து மூன்று மாசியில் ஒரு கோப்பு வந்தது. அந்தப் பக்கத்துக்குப் புதிதாக வந்த கார்டு வேலப்பன், படங்களின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு மரம் மரமாகச் சரிபார்த்திருக்கிறார். நேர்மையான, கொஞ்சம் முறைப்பான ஆள். 'கிழக்குப் பக்கம் இருபதடி உயரத்தில் படத்தில் உள்ள கொம்பு மரத்தில் இல்லை. நிலத்துக்காரர் பொன்னுமுத்து வெட்டிக் கடத்தியதாகத் தெரிகிறது. அவருடைய நிழல்தாங்கலில் உள்ள கண்ணாடியின் சட்டம் ஈட்டியைப் போன்ற கறுப்பு மரத்தால் ஆனது. ஆளைக் காவலில் வைத்திருக்கிறேன்' என்று எழுதியிருந்தார். சர்க்கார் மரத்தில் கை வைத்தது உறுதியானால் புதுவல் ரத்து. ஏழெட்டு வருஷமாகக் கல்லைப் பொறுக்கித் திருத்திய மண்ணையும் வீட்டையும் விட்டு அவர்கள் இறங்க வேண்டும்.

படித்த உடனே எனக்கு அந்த மூடுபனி ஞாபகம் வந்துவிட்டது. நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று நாள் சொல்லவில்லை. காற்றில் ஒடிந்திருக்கும் என்று சொல்லிப் பார்க்கலாமா என்று யோசித்தேன். ஒடிந்து விழுந்ததைத் தெரிவிக்காமல் எடுத்துக்கொண்டாலும் அதே குற்றம்தான், பொன்னுமுத்து தப்ப முடியாது. வேலை போய்விடும் என்ற பயம் ஒரு பாதி. அந்தப் படம் சுவரிலிருந்து இறங்கிவிடும் என்ற பயம் மறு பாதி. எந்தப் பாதி பெரியது என்று இன்றைக்கும் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த மூன்று நாளும் பொன்னுமுத்து காவல் கொட்டகைத் தரையில் உட்கார்ந்திருந்தார்.

நாலாம் நாள் அச்சுதன் சார் படத்தைச் சட்டத்திலிருந்து கழற்றி உறையில் போட்டார். "வா, போகாம்" என்றார். பஸ்ஸில் உறையை மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

நாங்கள் போனபோது வேலப்பன், பொன்னுமுத்துவையும் அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். செல்லத்தங்கம் என்னைக் கண்டதும் ஓடி வந்தாள். அவள் முகம் மலர்ந்துபோனது இன்றும் என் கண்ணுக்குள் இருக்கிறது.

"அய்யா உண்டு! இவருதான், இவருதான் அன்னு வந்த சாரு!" என்று கணவனிடம் சத்தம் போட்டாள். பிறகு என்னிடம், "சாரே, நீங்க கண்டவருல்லா. எனக்க ஆளு ஒரு சுள்ளி வெட்டினதில்லே. இவங்க யாரும் நம்பமாட்டேங்கியாவ. நீங்க ஒரு வாக்கு சொல்லுங்க சாரே, அது போதும்" என்றாள்.

நான் அச்சுதன் சாரின் பின்னால் போய் நின்றுகொண்டேன்.

அச்சுதன் சார் முதலில் நிழல்தாங்கலுக்குப் போனார். செருப்பைக் கழற்றிவிட்டு, வாசலிலேயே நின்று, கண்ணாடியின் சட்டத்தைப் பார்த்தார். அவர்கள் வணங்குவது அந்தக் கண்ணாடியின் முன்னால் நின்றுதான். "இது பனெ வைரம். ஈட்டி இல்லே" என்றார், வேலப்பனைத் திரும்பிப் பார்க்காமலே. அவருக்குப் பின்னால் நின்ற என் முகம் அந்தக் கண்ணாடியில் தெரிந்தது. சட்டென்று விலகிக்கொண்டேன்.

பிறகு படத்தின் அடியில் நான் எழுதியிருந்த திசையையும் எட்டுக் கணக்கையும் பார்த்து நடந்து, நான் இரண்டு வருஷத்துக்கு முன்னால் வைத்த கல்லைக் கண்டுபிடித்தார். அதன்மேல் நின்று, கையை நீட்டி, பென்சிலைப் பிடித்து, ஒரு கண்ணை மூடினார். மாசி மாதம், ஈட்டி இலை உதிர்த்து நின்றது. வானத்துக்கு எதிரே ஒவ்வொரு கொம்பும் தனித்தனியாகத் தெரிந்தது. கிழக்கே இருபதடி உயரத்தில் ஒன்றுமே இல்லை. ஒரு சின்ன முண்டுக்கு மேலே வழவழப்பான பட்டை.

"வெட்டின இடம் எவிடெ?" என்று வேலப்பனைக் கேட்டார்.

"அந்த முண்டு இருக்குல்லா சார், அதுக்கு மேலெயாக்கும். மண்ணெ அப்பி மறைச்சிருக்கான்."

"தொடெப் பருமன் கொம்பு. வெட்டின முறிவு ரெண்டு வருஷத்திலெ மூடுமா? இந்தப் பட்டெ முப்பது வருஷத்துப் பட்டெ."

"அது எனக்குத் தெரியாது சார். படத்திலெ இருக்கு, மரத்திலெ இல்லே. பிறகு அது எங்கெ போச்சு?"

வேலப்பன் கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. படம் சரி என்றால் பொன்னுமுத்து திருடன். அச்சுதன் சார் பென்சிலைக் கீழே இறக்கினார். என் பக்கம் திரும்பி, மற்றவர்களுக்குக் கேட்காத குரலில் கேட்டார்.

"தாணு. அன்னு மஞ்ஞு உண்டாயிருந்நோ?"

மூடுபனி இருந்ததா என்று கேட்கிறார். அவருக்குத் தெரிந்துவிட்டது. ஒருவேளை பஸ்ஸிலேயே தெரிந்திருக்கும். என் வாயாலேயே வரட்டும் என்று விட்டுக் கொடுக்கிறார்.

நான் சத்தமாகவே சொன்னேன். "மஞ்சு இருந்துது சார். கிழக்குப் பக்கம் நான் பார்க்கலே. கொட்டில்லெ இருந்து மனசாலெ வரைஞ்சேன். அந்தக் கொம்பு இந்த மரத்துக்கு ஒருநாளும் இருந்ததில்லே."

வேலப்பனுடைய முகம் சிவந்தது. "அப்பொ நாலு நாளா நான் இந்த மனுசனெ தரையிலெ இருத்தி வச்சிருக்கேன்" என்று மட்டும் சொன்னார். செல்லத்தங்கத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அவள் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"நான் காப்பி கொண்டுவந்து தந்தேனே சாரே. மறுநாளு மழெ வெறிச்சு மரம் நல்லாத் தெரிஞ்சுதே. ஒரு ராவு நிக்கப்பிடாதா?" என்றாள்.

பொன்னுமுத்து ஒன்றே ஒன்றுதான் கேட்டார், அதையும் அச்சுதன் சாரிடம். "இனி எனக்க புதுவலுக்கு ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்லா. உன் மண்ணு உனக்கு" என்றார் சார்.

பொன்னுமுத்து தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு நிழல்தாங்கலுக்குள் போய்க் கும்பிட்டுவிட்டு வந்தார். அதற்குள் அச்சுதன் சார் அந்தப் படத்தை ஒரு கல்லின்மேல் வைத்து என்னிடம் பென்சிலைக் கொடுத்திருந்தார். கிழிக்கச் சொல்வார் என்று நினைத்தேன். "எழுது" என்றார். அந்தக் கொம்பின் அடியிலேயே எழுதினேன்: 'இந்தக் கொம்பை நான் பார்க்கவில்லை. மரத்தில் இது இல்லை.' கையெழுத்தும் தேதியும் போட்டேன்.

"இனி வரை" என்றார்.

புதுத் தாள். கோலைப் பிடிக்க வேலப்பன் போனார். பொன்னுமுத்து அவர் கையிலிருந்து கோலை வாங்கிக்கொண்டார். "எனக்க மரம்லா. நானே பிடிக்கேன்" என்றார். கோபமாகச் சொன்னாரா, விட்டுக்கொடுத்துச் சொன்னாரா என்று எனக்கு விளங்கவில்லை. மூட்டில் கோலை நிமிர்த்தி வைத்துக்கொண்டு அசையாமல் நின்றார். நான் தடியில் தொடங்கினேன். அன்றைக்குப் பார்த்ததுபோல் ஒரு மரத்தை அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கிழக்கே ஒன்றுமில்லாத அந்த இடத்தைத்தான் அதிக நேரம் பார்த்தேன். மேற்குக் கொம்பின் கனத்தை மரம் எப்படித் தாங்கி நிற்கிறது என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மூடு மேற்குப் பக்கமாகப் பெருத்து, ஒரு வேர் பாறையைக் கவ்விப் பிடித்திருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன் அந்த வேரைப் புதர் மூடியிருந்தது. விலக்கிப் பார்க்காமல் இரண்டு கோட்டில் தள்ளிவிட்டிருந்தேன்.

வெயில் சாயும்போது முடிந்தது. பொன்னுமுத்து கோலைச் சாய்த்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "கம்பு இருக்கு. நான் எங்கெ?" என்று கேட்டார்.

"கோல் பிடிக்கிற ஆளெ வரையது வழக்கமில்லே" என்றேன்.

அச்சுதன் சார் வெற்றிலைப் பொட்டலத்தை மடித்துக்கொண்டிருந்தார். "அவன் அவிடெ நிக்குந்நுண்டல்லோ? நீ கண்டது தானே? வரை" என்றார்.

பொன்னுமுத்து திரும்பப் போய் நின்றார். தலைப்பாகை, நாமம், முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிய வேட்டி, கோலைப் பிடித்த கை எல்லாவற்றையும் வரைந்தேன். பின்னால் வீட்டு ஓலைக் கூரையும் ஒரு ஓரத்தில் வந்துவிட்டது. செல்லத்தங்கம் பால் கொண்டுவந்தாள், என் முகத்தைப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனாள். ஆடை எடுத்துத் தண்ணீர் விட்டு ஊதினேன். இடது மூலையில் 'நேரில் பார்த்து வரைந்தது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

என் வேலை போகவில்லை. ஒரு வருஷம் வெளியூருக்கு அனுப்பாமல் உட்கார்த்தி வைத்தார்கள். பழைய படத்தை, நான் எழுதிய வரியோடு, அச்சுதன் சார் அதே சட்டத்தில் போட்டு அதே சுவரில் மாட்டினார். நான் அதன் கீழேதான் உட்கார்ந்தேன். முதல் மாதம் செத்துப் போகலாம் போல இருந்தது. பிறகு பழகிவிட்டது. அப்புறம் அது அங்கே இருப்பது எனக்கு ஒரு துணையாகவே ஆகிவிட்டது. திரும்ப மலையேறத் தொடங்கியபோது என் கை முன்னைவிட நிதானமாகவும், முன்னைவிட நன்றாகவும் இருந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமில்லை.

ஐம்பத்தாறு நவம்பரில் நாங்கள் மலையாளப் பக்கத்திலிருந்து பிரிந்து சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தோம். அச்சுதன் சார் மலையாளப் பக்கமே இருக்க முடிவு செய்துவிட்டார். களியக்காவிளை வழியாகப் போகும் பஸ் ஏறுவதற்கு முந்தின நாள், சட்டத்திலிருந்து அந்தப் படத்தைக் கழற்றி, இரண்டாவது படத்தோடு சேர்த்துத் தன் கையாலேயே நூல் போட்டுக் கட்டினார். "இது ரெண்டும் ஒருநாளும் பிரியக்கூடாது" என்றார்.

அடுத்த மாதமே பொன்னுமுத்து என் மேசை முன்னால் வந்து நின்றார். புது ராஜ்யத்து அதிகாரிகள் மலைப்பக்கத்துப் புதுவல் பத்திரங்களைச் சரிபார்க்கிறார்கள். இவருடைய பத்திரத்தைக் கரையான் தின்றுவிட்டது. பழைய ஆபீஸ் பதிவேடு எந்தப் பக்கம் போயிற்று என்று ஒருவருக்கும் தெரியவில்லை. நீ அங்கே குடியிருந்ததற்கு என்ன ஆதாரம் என்று கேட்கிறார்கள்.

"சாரே, அந்தப் படம் இருக்கா? நான் நிக்க படம்?" என்றார்.

எடுத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். அதிகாரி திருநெல்வேலிப் பக்கத்து ஆள், சின்ன வயது. மேலே இருந்த படத்தைப் பார்த்தார். மரம், கோல், தலைப்பாகையோடு ஆள், பின்னால் கூரை, அடியில் இடமும் திசையும் தேதியும். தலை நிமிர்ந்து பொன்னுமுத்துவின் முகத்தைப் பார்த்தார். திரும்பவும் படத்தைப் பார்த்தார்.

"படம்தானே. யாரும் எப்படியும் வரையலாமே" என்றார். நூலைப் பிரித்து அடியில் இருந்த தாளை எடுத்தார். அதை வாய்விட்டு வாசித்தார். "இந்தக் கொம்பை நான் பார்க்கவில்லை. மரத்தில் இது இல்லை." என்னை நிமிர்ந்து பார்த்தார். "இது யார் எழுதினது?"

"நான்தான் சார்."

"எதுக்கு எழுதினீங்க?"

நடந்ததைச் சொன்னேன். பொன்னுமுத்து என் பக்கத்தில் தலை குனிந்து நின்றார், தப்புச் செய்தவர் அவர் என்பதுபோல. அதிகாரி இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"தன் படம் தப்புன்னு தானே எழுதிக் கையெழுத்துப் போட்ட ஆளை நான் இதுவரைக்கும் பாத்ததில்லை" என்றார். பிறகு இரண்டாவது படத்தின்மேல் விரலை வைத்துக் கேட்டார். "அப்போ இது?"

"நேரில் பார்த்து வரைந்தது சார்" என்றேன்.

அவர் பேனாவைத் திறந்தார்.